பனியன் கேட்ட யானை

எந்நேரமும் ஊசிகள் மேலும் கீழுமாக ஓடி, அந்தச் சத்தமே விடாமல் பெய்கிற மழை மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும் ஊரில், நொய்யல் ஆற்றுக்கு வடகரையில் ஒரு பனியன் கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனிக்குப் பின்னால் முன்பு வெட்டுத்துணி கொட்டிவைத்திருந்த குடோன் ஒன்று இருந்தது. அந்தக் குடோனைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, கூரைக் கம்பியிலிருந்து பனியன் துணியாலேயே தூளிகள் கட்டித் தொங்கவிட்டு, வேலைக்கு வருகிற அம்மாக்களின் குழந்தைகளை அதில் விட்டு, அவர்களைப் பார்த்துக்கொள்ளச் சுகந்தாமணியை வைத்திருந்தார்கள்.

சுகந்தாமணி அதே கம்பெனியில் பவர் டேபிள் மிஷினில் உட்கார்ந்து பனியனுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவள். குனிந்தே தைத்துக் கழுத்து பிடித்துக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்ப முடியும் என்றானபோது, மொதலாளி குழந்தைவேலு அவளைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு அந்தப் பசங்களப் பாத்துக்கம்மா, அங்க குனியற வேலை இல்லை" என்றார். குழந்தைகளோடு குனியாத வேலை என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்த அறையில் ஒடிசாக்காரக் குழந்தைகள் இருந்தார்கள், பீகாரிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள், வங்காளத்துக் குழந்தை இருந்தது, தேனிப் பக்கத்திலிருந்து வந்தது இருந்தது, பக்கத்துத் தோட்டத்துக் குழந்தையும் இருந்தது. காலையில் கம்பெனிச் சங்கு ஊதி அம்மாக்கள் கதவைத் தாண்டிய அந்த நொடியில் எல்லாரும் ஒன்றாக வாயைத் திறப்பார்கள். பேச்சுக்குத்தான் ஆளுக்கொரு பாஷை, அழுகைக்கு எல்லாருக்கும் ஒரே பாஷை. சுகந்தாமணி தனக்குத் தெரிந்த சிரிப்புக் கதைகளையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். தமிழ்க் குழந்தைகள் சிரித்தார்கள். உடனே மற்றவர்களின் அழுகை இன்னும் ஏறியது, ஏனென்றால் தனக்குப் புரியாத ஒன்றுக்கு அடுத்தவன் சிரிப்பதைப்போல ஒரு அநியாயம் மூன்று வயதுக்காரனுக்கு வேறு கிடையாது.

அதனால் அவள் எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள். தண்ணியைக் காட்டினாள், ஆளுக்கொன்று சொன்னார்கள். சோற்றைக் காட்டினாள், நிலாவைப் படம் போட்டுக் காட்டினாள், காக்காய் மாதிரி கத்திக் காட்டினாள், ஒன்றும் ஒத்து வரவில்லை. ஒருநாள் யானை மாதிரி கையை மூக்கில் வைத்து ஆட்டியபோது, ஒடிசாவும் பீகாரும் வங்காளமும் ஒரே குரலில் "ஹாத்தி" என்று கத்த, தமிழ்க் குழந்தைகளும் கேட்டதும் அதைக் கற்றுக்கொண்டு "ஹாத்தி, ஹாத்தி" என்று குதித்தார்கள். இரண்டாவது வார்த்தைக்கு அவள் எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. அது அவள் போட்டிருந்தது, தூளியாகத் தொங்கியது, தலைமாட்டில் மடித்துக் கிடந்தது, அம்மாக்கள் எதற்காகக் கதவைத் தாண்டிப் போனார்களோ அதுவாக இருந்தது. "பனியன்" என்றாள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கையில் இரண்டே வார்த்தையை வைத்துக்கொண்டு சுகந்தாமணி கதையைத் தொடங்கினாள். ஒரு ஹாத்தி. அதுக்குப் பனியன் இல்லை. இதை அவள் வாயால் சொன்னதைவிட உடம்பால் சொன்னது அதிகம்: தன் மேல்சட்டை காணாமல் போனதுபோல் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள், ஒரு கையைத் தும்பிக்கையாக்கி நெஞ்சுக்குக் குறுக்கே மடித்து மறைத்துக்கொண்டாள், யாராவது பார்க்கிறார்களா என்று பிடித்துக்கொண்ட கழுத்தோடு உடம்பையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பார்த்தவர்களிடமெல்லாம் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள், பின்னும் தாளாமல் வீடு வீடாகப் போய்த் தட்டி, மிகவும் கனத்த, மிகவும் மரியாதையான குரலில், "ஏனுங்க, பனியன் இருக்குமுங்களா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு அந்த அறையில் வந்த சிரிப்பைப் பற்றிக் கம்பெனியில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள். ஒரு குழந்தை சிரித்துச் சிரித்து இருந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய், அதைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்க, தூளியில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகூட எதற்கென்று தெரியாமல் எழுந்து சிரித்தது. மிஷின் சத்தத்தையெல்லாம் மீறி அந்தச் சிரிப்பு தையல் ஹாலுக்குப் போக, அங்கே அம்மாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், கால் பெடலை விட்டது, ஒரு லைன் முழுக்க நூல் அறுந்தது. கதையில் ஹாத்தி கடைசியாக ஒரு பனியன் கம்பெனி கேட்டுக்கு வந்து வாட்ச்மேனிடம் கேட்கப் போகிற இடத்தில் சங்கு ஊதிவிட்டது. அம்மாக்கள் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இதில் சுகந்தாமணிக்கு வருத்தம் ஒன்றுமில்லை, அவள் சொன்ன கதை எதுவும் இதுவரை முடிந்ததில்லை, எல்லாமே சங்கு ஊதுகிற இடத்தில் நின்றுபோனவைதான்.

மறுநாள் காலை ஹாத்தி கம்பெனி கேட்டில் நின்றது.

தும்பிக்கையை நெஞ்சுக்குக் குறுக்கே மடித்து, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, நிற்கிற இடத்தில் கொஞ்சம் கூசினாற்போல நின்றது. வாட்ச்மேன் ரங்கசாமி முதலில் ஐடி கார்டு கேட்டார். அது இல்லையென்றதும் யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். யானை தும்பிக்கையை நீட்டி, அவருடைய சட்டைக் காலருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பனியனின் ஓரத்தை இரண்டு விரலால் பிடிப்பதுபோல் பிடித்து மெதுவாக இழுத்துக் காட்டிவிட்டு, மறுபடி நெஞ்சை மூடிக்கொண்டது.

"ஆர்டர் குடுக்க வந்திருக்குதாட்டம் இருக்குது" என்று ரங்கசாமி உள்ளே போன் போட்டுச் சொல்லிவிட்டுக் கேட்டைத் திறக்க, அது லாரி திரும்புகிற முற்றத்தில் வந்து நின்றது.

வேலைக்கு வந்த ஜனங்கள் அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு, வழியில் நிற்கிறதே என்று ஓரமாக ஒதுங்கி உள்ளே போனார்கள். இத்தனை ஊரிலிருந்து இத்தனை பேர் இந்த ஊருக்கு ஒரு பனியனை நம்பித்தான் வந்திருக்கிறார்கள், ஒரு யானை வந்ததில் என்ன இருக்கிறது. கேட்டதெல்லாம் சாப்பிட்டதா என்றும், இந்த வெயிலில் நிற்கவைத்திருக்கிறீர்களே என்றும்தான். ஒரு அம்மா தன் டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு இட்லியைக் கொடுத்தாள். அது வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சாப்பிட்டது. பெண்கள் கூட்டமாக வந்தால் சுவரைப் பார்க்கும், போனபிறகு திரும்பும். நல்ல வளர்ப்பு என்று பேசிக்கொண்டார்கள்.

குழந்தைகள் அன்று அழவில்லை. அம்மா இடுப்பிலிருந்து அவர்களே வழுக்கி இறங்கி, லாரி திரும்புகிற முற்றத்துக்கு ஓடி, நேற்று விட்ட இடத்திலிருந்து யாரோ தொடரப்போகிறார்கள் என்பதுபோல அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

மொதலாளி குழந்தைவேலு சுகந்தாமணியைக் கூப்பிட்டனுப்பினார். அவர் எவரோடு பேசினாலும் பேசிக்கொண்டே எதிரில் இருப்பவரின் தோளிலிருந்து நூல் பிசிறை எடுத்துப் போடுகிறவர், முகத்தில் கோபமும் இருக்காது சிரிப்பும் இருக்காது, சரக்குக் கப்பல் ஏறவேண்டிய நாள் மட்டும்தான் இருக்கும்.

"ஏம்மா, அது உன்ற கதையில வந்ததுன்னு பசங்க சொல்றாங்களே."

"ஆமாங்க."

"கடைசியில என்ன ஆகுது அதுக்கு?"

"தெரியலீங்க. சங்கு ஊதிருச்சுங்க."

அவர் அவள் தோளிலிருந்து ஒரு பிசிறை எடுத்தார். "கண்டெய்னர் லாரி உள்ள வந்து திரும்பற எடத்துல நின்னுக்கிட்டு இருக்குது. பனியன்தான கேக்குது? இது பனியன் கம்பெனிதான? ஒண்ணத் தெச்சுக் குடுத்துப் போகச் சொல்லு."

கட்டிங் மாஸ்டர் இஸ்மாயில் இஞ்சு டேப்புகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஏணியோடு வந்தார். நெஞ்சளவு எடுக்கும்வரை யானை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக நின்றது. அக்குளில் டேப் பட்டதும் கூச்சம் தாளாமல் குலுங்கிற்று. அதன் குலுக்கலில் தரை குலுங்கி, தையல் ஹாலில் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த தையலெல்லாம் அலை அலையாக விழுந்தது. குழந்தைகள் இன்னொரு தரம் அளவெடுக்கச் சொன்னார்கள். இஸ்மாயிலும் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லி இன்னொரு தரம் எடுத்தார். அவருக்கும் அது பிடித்திருந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

முதல் பனியன் வெள்ளை, கையில்லாதது, நல்ல காட்டன். யானை அதை வாங்கி முகர்ந்து பார்த்தது, விரித்துப் பார்த்தது, பிறகு தலையை ஆட்டிவிட்டு, ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்து, கசங்காமல் இஸ்மாயிலிடமே கொடுத்துவிட்டது. மடிக்கிற வேலை பார்க்கிற பெண்கள் அந்த மடிப்பைக் கையில் வாங்கி, தாங்கள் மடித்ததற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் நீலத்தில் தைத்தார்கள், அதையும் மடித்துக் கொடுத்தது. கை வைத்துத் தைத்தார்கள், காலர் வைத்துத் தைத்தார்கள். யானை ஒவ்வொன்றையும் பிரியமாக வாங்கி, வருத்தத்தோடு மடித்துக் கொடுத்தது.

இதற்குள் ஊர் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டது. டீக்கடைக்காரர் காலை டீயை வாளியில் கொடுத்தனுப்பினார், அதிலும் யானைக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டும் என்று தெரிந்துகொண்டார். சாயப்பட்டறைக்காரர்கள் துணுக்குத்துணியில் கலர் கலராக நனைத்துக்கொண்டு வந்து இது பிடிக்கிறதா அது பிடிக்கிறதா என்று காட்டினார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் மதில்மேல் ஏறி நின்று, உங்களால் ஆகாவிட்டால் எங்களிடம் விடுங்கள் என்றார்கள், அதில் இரண்டு கம்பெனிக்கும் நடுவே சின்ன வாய்த்தகராறுகூட வந்தது. துணியின் தரம் பார்க்க வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர், பெட்டிகளையெல்லாம் பார்த்து முடித்த கையோடு, பழக்கதோஷத்தில் யானையின் காதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஓரம் மட்டும் கொஞ்சம் பிரிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். விடுமுறை நாளில் ஜனங்கள் பெண்டுபிள்ளைகளோடு வந்து, யானையின் முன்னால் பனியன் போட்டுக்கொண்டு நிற்பது பண்பாடில்லை என்று மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஏன் எதுவுமே அதற்குப் பிடிக்கவில்லை என்பது சுகந்தாமணிக்கு ஒரு சாயங்காலம்தான் விளங்கிற்று. கழுத்து வலிக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு, வெளியூர்க்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் வழியாக வந்துகொண்டிருந்தாள். வரிசையாக எல்லாக் கதவும் திறந்திருந்தது. ஒவ்வொரு வாசலிலும் அவள் பார்த்துக்கொள்கிற குழந்தை ஒன்று நின்றுகொண்டு, வேலையிலிருந்து வந்து கால் நீட்டியிருந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பீகார்க்காரப் பிங்கு, ஹாத்தியின் பனியனுக்குப் பாக்கெட் வேண்டும், பாக்கெட்டில் முறுக்கு வேண்டும் என்று வயிற்றில் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். அடுத்த வாசலில் ஒரு பெண் அதற்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று நடித்தாள். அதற்கடுத்ததில் பனியனில் வால் வெளியே வர ஓட்டை. இன்னொன்றில் மஞ்சள், மஞ்சளென்றால் மஞ்சள்தான். ஒவ்வொரு வாசலிலும் சிரித்தார்கள். பேச்சே இல்லாமல் சோற்றைத் தின்றுவிட்டுப் படுக்கிற மனிதர்கள் ஒரு கையைத் தும்பிக்கையாக மடித்து, "இப்படியா, இப்படியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அத்தனை வாசலிலும் சொல்லப்பட்ட அத்தனை பனியனும் அந்த ஒரு யானைக்குத்தான் வேண்டியிருந்தது.

அந்த வாரம்தான் மொதலாளிக்குப் பொறுமை போனது. கண்டெய்னர் லாரி உள்ளே வரமுடியாமல் ரோட்டிலேயே நின்றது, பெட்டிகளைத் தலையில் சுமந்துபோய் ஏற்றவேண்டியிருந்தது. "சனிக்கெழமை சாயங்காலத்துக்குள்ள உன்ற கதைய முடிச்சு அத அனுப்பிரும்மா" என்றார். "இல்லாட்டி அந்த ரூம்ப மூடிருவேன். மறுக்கா வெட்டுத்துணி போட்டுக்கறேன். பசங்கள அவங்கவங்க ஊருல விட்டுட்டு வரட்டும்." குரலை உயர்த்தாமல், பிசிறு எடுத்துக்கொண்டேதான் சொன்னார். சொன்னால் செய்கிறவர். ஊரில் விட்டுவிட்டு வருவதென்றால் என்னவென்று சுகந்தாமணிக்குத் தெரியும். விட்டுவிட்டு வந்தவர்கள் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து, போனில் தெரியும் முகத்தைத் துணிக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே தைப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்து, முடிப்போமா என்று கேட்டாள். கடைசியில் ஹாத்திக்குப் பனியன் கிடைத்துவிட்டது, போட்டுக்கொண்டது, டாட்டா சொன்னது என்று கையை ஆட்டிக் காட்டினாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருவன் உடனே, ஹாத்திக்குப் பொத்தான் வேண்டும் என்றான். இன்னொருத்தி ஜிகினா வேண்டும் என்றாள். எல்லாரையும்விடச் சின்னவள், ஜூனு என்கிற ஒடிசாக்காரப் பெண், எழுந்து வந்து சுகந்தாமணியின் ஆட்டிய கையைப் பிடித்துக் கீழே இறக்கி, தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள்.

ஜூனுவின் அம்மா மமதா துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவள். டீ நேரத்தில் சுகந்தாமணி அவளிடம் இதைச் சொன்னாள். மமதா சிரித்தாள், பிறகு கப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, இவ அப்பா கேரளா வேலைக்குப் போச்சு. பாப்பா தூங்கும்போது போச்சு. அழும்னு சொல்லி. அது முன்னாடி ஊர்ல இருந்து நாங்க வரும்போது, எங்க அம்மா, தங்கச்சி எல்லாரும் நிக்கிறாங்க, பாப்பா தோள்ல தூங்கிருச்சு. பாப்பாக்கு யார் போறதும் தெரியாது அக்கா. தூங்கி எழுந்தா ஆள் இல்லை. அதான் இப்ப யார் கையாட்டினாலும் பிடிச்சுக்கும்."

சுகந்தாமணி அதற்குமேல் குழந்தைகளிடம் முடிவு கேட்கவில்லை. நேராகக் கட்டிங் டேபிளுக்குப் போய் இஸ்மாயிலிடம் சொன்னாள்: "அண்ணா, அவங்க கேட்டதெல்லாம் வெச்சே தெச்சுருவோம். ஒண்ணயும் விடவேண்டாம்."

"எல்லாத்தயுமா? ஒரு கை நீளம் ஒரு கை குட்டையா?"

"ஆமாங்கண்ணா."

"பாத்தா நம்ம கம்பெனி சரக்குன்னு சொல்லிக்க முடியாதேம்மா" என்றார் இஸ்மாயில், சொல்லும்போதே சாக்பீஸை எடுத்துக் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தையல் ஹாலில் யாரும் சாப்பிடவில்லை. மேஜைகளை ஒதுக்கித் துணியைத் தரையில் விரித்தார்கள். அது ஹாலைத் தாண்டி வராந்தா வழியாக வெளியே போயிற்று. மஞ்சளென்றால் மஞ்சள்தான் என்றவளுக்காக மஞ்சள், நீலமென்றவனுக்காக நீலம், இரண்டும் ஒத்துப்போகாது என்றவளுக்காக நடுவே ஒரு பச்சைக் கோடு. நீளக்கை ஒன்று, குட்டைக்கை ஒன்று, முறுக்குக்குப் பாக்கெட், வாலுக்கு ஓட்டை, காதில் படாமல் காலர், யாரோ கேட்ட பொத்தான், யாரோ கேட்ட ஜிகினா, கழுத்துக்குப் பின்னால் குத்தாத லேபிள். தைப்பவர்கள் தைத்தார்கள், பிசிறு வெட்டுகிறவர்கள் துணிமேலேயே தவழ்ந்து தவழ்ந்து வெட்டினார்கள், அயர்ன் போடுகிறவர்கள் வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தேய்த்துக்கொண்டே நடந்தார்கள். ஒரு ஒடிசாப் பாட்டும் ஒரு போஜ்புரிப் பாட்டும் கும்மிப் பாட்டும் ஒரே நேரத்தில் பாடப்பட்டன. குழந்தைகள் துணிக்குள் புகுந்து ஒரு கை வழியாகப் போய் மறு கை வழியாக வெளியே வந்தார்கள்.

மாட்டிவிடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. தலை போயிற்று, காது போகவில்லை. காதை மடக்கினால் தும்பிக்கை வெளியே வருகிற வழி தெரியாமல் கைக்குள் போய், நீளக்கையிலிருந்து எட்டிப் பார்த்து எல்லாருக்கும் வணக்கம் வைத்தது. திருப்பி இழுத்தார்கள். உள்ளே யானைக்கு இருட்டாகி, பயத்தில் அது தும்மியதில் துணி முழுக்கப் பந்தாக உப்பி நின்றது. ஏணிமேல் நின்று இஸ்மாயில் இழுக்க, கீழிருந்து ரங்கசாமி தள்ள, ஓவர்லாக்காரர்கள் ஒரு பக்கமும் மடிக்கிற பெண்கள் ஒரு பக்கமும் பிடித்து, அளவெடுத்தபோது கூசிய அதே இடத்தில் யார் கையோ பட, யானை குலுங்கி, அந்தக் குலுக்கலில் பனியன் தானாகச் சரிந்து இறங்கி அதது அந்தந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

பொருத்தமாக இருந்தது. எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் தொளதொளக்கவில்லை. யானை முதல்முறையாகத் தும்பிக்கையை நெஞ்சிலிருந்து எடுத்துக் கீழே விட்டது. மொதலாளி ஆபீஸிலிருந்து இறங்கி வந்தார். சுற்றி வந்து பார்த்தார், ஓரத்தில் தொங்கிய ஒரு பிசிறை எடுத்துப் போட்டார்.

"முடிஞ்சுதாம்மா?"

சுகந்தாமணி பதில் சொல்ல வாயெடுத்தாள். யானை அதற்குள் ஆபீஸ் கண்ணாடிச் சுவரண்டை போய்த் தன்னைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. முன்னால் பார்த்தது, சந்தோஷப்பட்டது. வலப்பக்கம் திரும்பி நீளக்கையைப் பார்த்தது, இடப்பக்கம் திரும்பிக் குட்டைக்கையைப் பார்த்தது. பாக்கெட்டைத் தடவி முறுக்கு இருப்பதை நிச்சயப்படுத்திக்கொண்டது. அப்புறம், புதுத்துணி போட்டவர்கள் எல்லாரும் செய்வதுபோல, பின்பக்கம் எப்படி இருக்கிறதென்று திரும்பிப் பார்த்தது.

பார்த்து, அப்படியே நின்றுவிட்டது.

மமதாவின் இடுப்பிலிருந்த ஜூனு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை நீட்டி, தெளிவாக, முற்றத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஜட்டி."

இந்த வார்த்தையும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கம்பெனியின் இன்னொரு லைனில் அதைத்தான் தைத்தார்கள்.

முதலில் பிங்கு விழுந்தான், பிறகு குழந்தைகள் எல்லாரும் அறுத்துப்போட்ட கதிர் மாதிரி வரிசையாக விழுந்து புரண்டார்கள். அம்மாக்கள் முந்தானையை வாயில் வைத்துப் பார்த்தார்கள், ஆகவில்லை. இஸ்மாயில் ஏணிமேல் சிரிக்கவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் கத்தினார். சுகந்தாமணி பிடித்துக்கொண்ட கழுத்தைப் பின்னால் சாய்த்துச் சிரித்ததில் அதற்குள் ஏதோ சொடக்கென்று விட்டு, வெகுநாளைக்குப் பிறகு உடம்பு திரும்பாமலே தலை மட்டும் திரும்பிற்று. திரும்பிய பக்கத்தில் மொதலாளியைப் பார்த்தாள். குழந்தைவேலு இடுப்பில் கை வைத்துக் குனிந்திருந்தார், தோள் குலுங்கிற்று. ஏதோ வலி என்று பயந்து ரங்கசாமி தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். மொதலாளி அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்து, குடித்ததையெல்லாம் மூக்கு வழியாக விட்டு, லாரி திரும்புகிற தரையிலேயே வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார்.

யானை வாலால் மறைத்துப் பார்த்தது. வால் போதவில்லை. கொஞ்சம் யோசித்தது. பிறகு யாருக்கும் பின்பக்கத்தைக் காட்டாமல், எல்லாரையும் பார்த்தபடியே, ஒரு காலைப் பின்னால் வைத்தது, அடுத்த காலைப் பின்னால் வைத்தது.

அப்படியே பின்பக்கமாக நடந்து கேட்டுக்குப் போயிற்று. ரங்கசாமி ஓடிப்போய்க் கேட்டை அகலத் திறந்து, "வாங்க, வாங்க, இன்னும் வாங்க, லெப்ட்ல ஒடிங்க" என்று லாரிக்குச் சொல்வதுபோல் சொல்லி வெளியே விட்டார். ரோட்டில் வண்டிகள் ஒதுங்கின. யானை பின்னாலேயே நடந்தது, முகம் மட்டும் கம்பெனிப் பக்கமே இருந்தது. குழந்தைகள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜூனு இறங்கி முன்னால் வந்து நின்று, கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். நொய்யல் பாலம் ஏறும்போதும் அதன் முகம் தெரிந்தது, பாலத்தின் உச்சியில் தெரிந்தது, அந்தப் பக்கம் இறங்க இறங்க முதலில் கால் மறைந்து, பாக்கெட் மறைந்து, காலர் மறைந்து, கண் இரண்டும் கடைசிவரைக்கும் இந்தப் பக்கமே இருந்து, தூக்கிய தும்பிக்கை நுனி மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்து, அதுவும் இறங்கிற்று. ஜூனு கையைத் தூக்கி ஆட்டினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று சங்கு ஊதியபோது குழந்தைகள் யாரும் அழவில்லை, ஆனால் முன்பக்கமாக நடக்கவும் ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஆளாளுக்கு அவரவர் அம்மாவைப் பார்த்தபடி பின்னாலேயே நடந்தார்கள். தடுக்கி விழுவார்களே என்று அம்மாக்கள் கையைப் பிடித்தார்கள், பிறகு அவர்களும் திரும்பிக்கொண்டார்கள். லைன் வீடுகள் வரைக்கும் அந்த ரோட்டில் ஜனங்கள் கம்பெனியைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர், கூட்டம் வருகிறதா போகிறதா என்று தெரியாமல் இறங்கி நின்றுவிட்டார். மறுநாளுக்கு மறுநாள் லாரிக்காரர்கள் மூலமாகச் சேதி வந்தது: பைபாஸில் ஒரு யானை மஞ்சளும் நீலமுமாகப் பனியன் போட்டுக்கொண்டு ரிவர்ஸிலேயே போகிறது, சிக்னலில் சரியாக நிற்கிறது, ஹாரன் அடித்தால் மட்டும் வெட்கப்படுகிறது.

ஆனால் அது பிறகு. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், எல்லாரும் போனபிறகு, சுகந்தாமணி தூளிகளை முடிச்சுப் போட்டு மேலே ஏற்றி, அறையைப் பெருக்கினாள். பெருக்கும்போது, திங்கட்கிழமை இந்த அறை இருக்குமோ இருக்காதோ என்று நினைத்துக்கொண்டாள். கதவைப் பூட்டினாள். முற்றத்தில் யாருமில்லை. சுற்றும்முற்றும் தலையைத் திருப்பிப் பார்த்தாள், தலை நன்றாகத் திரும்பியது. அதன் பிறகு பூட்டிய கதவைப் பார்த்தபடியே, செருப்பைத் தேய்த்து, பின்னாலேயே ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்துக் கேட் பக்கமாகப் போனாள். கதவு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. பாதி முற்றம் வந்திருப்பாள், யாரோ முதுகோடு முதுகு வந்து இடித்தார்கள்.

திரும்பினாள். மொதலாளி குழந்தைவேலுவும் திரும்பினார். வேட்டியில் தரை மண் இன்னும் ஒட்டியிருந்தது. ஆபீஸ் பக்கமிருந்து பின்னாலேயே நடந்து வந்த ஆள், நடக்காத மாதிரி நின்றுகொண்டார். அவர் கை பழக்கத்தில் அவள் தோளுக்கு வந்தது, அங்கே பிசிறு ஒன்றும் இல்லை, காற்றில் எதையோ எடுத்துப் போட்டுவிட்டுக் கீழே போயிற்று.

"திங்கக்கெழமை பசங்களுக்கு என்ன கதைம்மா?" என்றார்.

"தெரியலீங்க. இனித்தான் யோசிக்கோணும்."

"லாரி திரும்பற எடமாப் பாத்து வராத கதையாச் சொல்லு."

"செரிங்க."

கேட்டில் ரங்கசாமி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ முன்னால போம்மா" என்றார் மொதலாளி.

"எது முன்னாலங்க?" என்று கேட்டாள் சுகந்தாமணி.

அவர் கேட்டைப் பார்த்தார், பூட்டிய கதவைப் பார்த்தார், பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார், வந்தது சிரிப்பு.